சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் போட்டி உத்திகள்: வ.உ.சி. பற்றிய நினைவுமரபின் மீதொரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தூத்துக்குடியில் 1906ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி, தமிழர் நினைவில் ஒரு தியாக வரலாற்றின் அத்தியாயமாகவே நிலைபெற்றுள்ளது. அண்மைக்காலத்தில் அதுவே தொழில்முனைவோர்க்கான ஊக்கக் கதையாகவும் எடுத்தாளப்படுகிறது. இவ்விரு வாசிப்புகளும் கம்பெனியின் வணிக முடிவுகளை ஆராயாமல் விட்டுவிடுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் குறள் அதிகாரங்களின் வினாக்களை அணுகுமுறையாகக் கொண்டு, கம்பெனி எவ்வகைப் போட்டியில் இறங்கியது, அதன் உண்மையான வலிமை யாது, எவ்விடத்தில் அது எதிரியின் களத்திற்கு இழுக்கப்பட்டது ஆகியவை ஆராயப்படுகின்றன. தாகூர் குடும்பத்தின் நீராவிப் படகு முயற்சி, டாட்டா கப்பல் தடம், ஜப்பானின் நிப்பான் யூசன் கைசா, சிந்தியா கம்பெனி ஆகியவற்றோடு ஒப்பிட்டு முடிவுகள் பெறப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

வ.உ. சிதம்பரம் பிள்ளை, சுதேசி இயக்கம், தூத்துக்குடி, கட்டணப் போர், முற்றுரிமை, தொழில்முனைவு, கப்பல் வணிகம்.

முன்னுரை

வ.உ. சிதம்பரம் பிள்ளை என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழ் வாசகர் மனத்தில் எழும் சித்திரங்கள் இரண்டு. ஒன்று கப்பல், மற்றொன்று செக்கு. முதலாவது அவருடைய முயற்சியையும், இரண்டாவது அதற்கு அவர் கொடுத்த விலையையும் குறிக்கின்றன. இவ்விரு சித்திரங்களுக்கும் இடையே ஒரு வணிக நிறுவனம் சில ஆண்டுகள் இயங்கியது, பங்கு விற்றது, கப்பல் வாங்கியது, கட்டணம் வகுத்தது, இறுதியில் கலைக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் உள்ளியக்கம் பற்றிய வினாக்கள் பொதுநினைவில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இவ்வினாக்களை எழுப்புவது வ.உ.சி.யின் பெருமையைக் குறைப்பதாகாது. மாறாக, அவரை உணர்ச்சிவயப்பட்ட தேசபக்தராக மட்டுமே காண்பது, அவர் ஒரு வழக்கறிஞராகவும் அமைப்பாளராகவும் எடுத்த நுட்பமான முடிவுகளை மறைத்துவிடுகிறது. தோல்வியுற்ற ஒரு முயற்சியின் காரணங்களை முறையாக அறியாத சமூகம், அதே தோல்வியை வேறு பெயரில் மீண்டும் சந்திக்க நேரும். எனவே இவ்வாய்வு வரலாற்றுத் துறைக்கு மட்டுமன்றி, இன்று உள்ளூர் முதலீட்டைத் திரட்டிப் பெருநிறுவனங்களோடு போட்டியிட முனைவோர்க்கும் பொருளுடையதாகும்.

நினைவின் இரு வடிவங்கள்

வ.உ.சி. பற்றிய நினைவுமரபை வடிவமைத்ததில் ம.பொ. சிவஞானத்தின் 'கப்பலோட்டிய தமிழன்' என்னும் வாழ்க்கை வரலாற்று நூலுக்கும், அதனைத் தழுவி பி.ஆர். பந்துலு இயக்கத்தில் 1961இல் வெளிவந்த திரைப்படத்திற்கும் பெரும்பங்கு உண்டு. மறக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு தலைவரைத் தமிழ்ச் சமூகத்தின் மையத்துக்குக் கொணர்ந்தமை இவற்றின் நிலையான சாதனை. ஆயினும் வாழ்க்கை வரலாற்று வடிவத்திற்கு இயல்பாகவே ஒரு வரம்பு உண்டு. தலைவனின் கைதோடு கதையின் முதற்பகுதி முடிந்துவிடுகிறது. சிறைக்குள் அவர் பட்ட துன்பம் அடுத்த பகுதியாகிறது. வெளியே கம்பெனி என்ன ஆயிற்று என்பது ஓரிரு வரிகளுக்குள் சுருங்கிவிடுகிறது.

இச்சுருக்கம் காலக்கணக்கில் ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. வ.உ.சி. கைது செய்யப்பட்டது 1908 மார்ச் 12. கம்பெனி கலைக்கப்பட்டது 1911. இடையே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உள்ளன. எதிரி இலவசமாக ஏற்றிச் சென்றான், குடையும் கொடுத்தான், மக்கள் ஏமாந்தனர், கம்பெனி வீழ்ந்தது என்று ஒரே மூச்சில் சொல்லப்படும் கதை இம்மூன்றாண்டுகளைக் கணக்கில் கொள்வதில்லை. கட்டணப் போர் மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணமெனில், கம்பெனி அதற்கு முன்பே மூழ்கியிருக்க வேண்டும். கைது மட்டுமே காரணமெனில், 1908லேயே கலைப்பு நிகழ்ந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மெல்ல அரித்த ஒரு நிகழ்வாகவே வீழ்ச்சியைக் காணவேண்டியுள்ளது.

இரண்டாவது நினைவு வடிவம் அண்மைக்காலத்தது. மேலாண்மைக் கருத்தரங்குகளிலும் தொழில்முனைவோர் பயிலரங்குகளிலும் வ.உ.சி. 'துணிந்து இறங்கிய முன்னோடி' என்று முன்னிறுத்தப்படுகிறார். பேரரசை எதிர்த்த ஒருவரின் துணிவு, இலாபம் நாடும் துணிவுக்கு உவமையாக்கப்படுகிறது. இவ்வாசிப்பு முதல் வாசிப்பின் மறுதலை போலத் தோன்றினும் உண்மையில் அதன் நீட்சியே. இரண்டிலும் துணிவே போற்றப்படுகிறது, தெரிவுகள் ஆராயப்படுவதில்லை. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆய்வுகள் ஆவணங்களின் வழியே இப்பொதுநினைவைப் பெரிதும் திருத்தியுள்ளன. அத்தகைய வரலாற்று ஆய்வு திறந்துவைத்த வாயிலில், போட்டி உத்தி என்னும் ஒரு வினாவை மட்டும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

அணுகுமுறை

பொருட்பாலின் 48, 49, 50ஆம் அதிகாரங்கள் முறையே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அமைந்துள்ளன. வினையில் இறங்குவோன் செயலின் தன்மை, தன் ஆற்றல், எதிரியின் ஆற்றல், இருபக்கத் துணைகளின் ஆற்றல் ஆகியவற்றை எடைபோட வேண்டும் என்பதும், காலமும் இடமும் வலிமையையே மாற்றியமைக்கும் என்பதும் இவ்வதிகாரங்களின் சாரம். இவற்றை நவீன மேலாண்மைக் கோட்பாடுகளின் முன்னறிவிப்பாகக் காட்டும் கட்டுரைகள் பல வந்துள்ளன. அத்தகைய ஒப்புமைகள் பெரும்பாலும் பெயர்ப் பொருத்தங்களாகவே நின்றுவிடுகின்றன. அரசனுக்குரிய போர் அறிவுரையை வணிகனுக்கு அப்படியே பொருத்த இயலாது. இங்கு இவ்வதிகாரங்கள் சான்றாக அல்லாமல், வினாநிரலாக மட்டுமே கொள்ளப்படுகின்றன. வ.உ.சி. தாமே மணக்குடவர் உரையைப் பதிப்பித்தவர், அறத்துப்பாலுக்கு உரை கண்டவர் என்பதால் இவ்வினாநிரல் அவருக்கு அயலானதும் அன்று.

மாற்றான் வலி

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் தொடக்கம் 1856ஆம் ஆண்டினது. கல்கத்தா–பர்மா அஞ்சல் தடத்தில் தொடங்கி, 1862இல் இப்பெயரைப் பெற்றது. அரசின் அஞ்சல் ஒப்பந்தங்கள் அதன் வளர்ச்சிக்கு அடித்தளமாயின. 1914இல் பி. அண்டு ஓ. நிறுவனத்தோடு இணைந்தபோது அதனிடம் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. தூத்துக்குடி–கொழும்புத் தடம் அதன் பெருவலையில் ஓர் இழை மட்டுமே.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். முதலாவது, அத்தடத்தில் எத்துணை நட்டம் ஏற்பட்டாலும் பிற தடங்களின் வருவாயால் அதனை ஈடுசெய்ய அந்நிறுவனத்தால் இயலும். இரண்டாவது, தூத்துக்குடியில் விட்டுக்கொடுத்தால் பிற துறைமுகங்களிலும் உள்ளூர்ப் போட்டியாளர் எழுவர் என்னும் அச்சம் அதற்கு உண்டு. ஆகவே அங்கு அது காத்தது ஒரு தடத்தின் இலாபத்தை அன்று. தன்னை எதிர்ப்பவர் அழிவர் என்னும் பெயரை. பொருளியலில் இவ்வகை 'பெயர் காத்தல்' 1982இல் கிரெப்ஸ், வில்சன் ஆகியோராலும், மில்கிராம், ராபர்ட்ஸ் ஆகியோராலும் முறைப்படுத்தி விளக்கப்பட்டது. பல சந்தைகளில் இயங்கும் நிறுவனம், ஒரு சந்தையில் நட்டத்தைத் தாங்கியும் போரிடுவது அறிவுக்கு ஒத்ததாகலாம் என்பது அவர்தம் முடிவு.

அக்காலச் சட்டமும் இத்தகைய போருக்குத் தடையாக இல்லை. சீனத்துத் தேயிலை வணிகத்தில் கப்பல் கூட்டணியொன்று கட்டணத்தை வெகுவாகக் குறைத்துப் புதிய போட்டியாளரை வெளியேற்றியது. அதனை எதிர்த்து மொகல் நீராவிக் கப்பல் கம்பெனி தொடுத்த வழக்கில், இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1891இல் கூட்டணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தன் வணிகத்தைக் காக்கும் பொருட்டு விலையைக் குறைப்பது, அதனால் பிறர் அழிந்தாலும், குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் பொருள். கப்பல் கூட்டணிகள் குறித்து ஆராய அரச ஆணையம் 1906இல் அமைக்கப்பட்டு 1909இல் அறிக்கை அளித்தது. சுதேசிக் கம்பெனி போராடிய ஆண்டுகளும் அவையே. பேரரசின் தலைநகரில் ஆய்வுக்குரியதாயிருந்த ஒரு நடைமுறை, தூத்துக்குடித் துறையில் தடையின்றி நடந்துகொண்டிருந்தது. வழக்கறிஞரான வ.உ.சி. நீதிமன்றத்தை நாடாமல் சந்தையையும் மக்களையும் நாடியதை இப்பின்னணியில் புரிந்துகொள்ள வேண்டும்.

தன்வலியும் துணைவலியும்

கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவு செய்யப்பட்டது. முதல் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும், வ.உ.சி. துணைச் செயலாளராகவும் அமைந்தனர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 இலட்சம் ரூபாய்க்குப் பெற்றார். பங்குகள் இந்தியர், இலங்கையர் முதலான ஆசியர்க்கு மட்டுமே உரியன என்பது விதி.

இவ்வமைப்பில் மூன்று செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, 25 ரூபாய்ப் பங்கு என்பது சிறு வணிகரையும் வழக்கறிஞரையும் உரிமையாளராக்கும் நோக்குடையது. ஒரு பங்குதாரர் பணம் தருபவர் மட்டுமல்லர். அவர் பயணியும், சரக்கு அனுப்புபவரும், ஊர்தோறும் கம்பெனிக்காகப் பேசுபவரும் ஆவார். இரண்டாவது, மொத்தப் பங்குகளில் ஐந்திலொரு பகுதியை ஒருவரே ஏற்றது, பரந்த பங்குடைமையோடு பெருவணிகரின் துணையும் தேவைப்பட்டதைக் காட்டுகிறது. மூன்றாவது, ஆசியர்க்கு மட்டும் என்னும் விதி வெறும் உணர்ச்சி வெளிப்பாடு அன்று; போட்டியாளர் பங்குகளை வாங்கி உள்ளே நுழைவதைத் தடுக்கும் அரணும் ஆகும்.

இம்மூன்றாவது கூறு தனிக் கவனத்துக்குரியது. போட்டியாளரை விலைக்குறைப்பால் ஒழிப்பது அறிவுக்கு ஒவ்வாதது. அவரை விலைகொடுத்து வாங்கிவிடுவதே மலிவானது என்று ஜான் மெக்கீ 1958இல் வாதிட்டார். அமெரிக்க எண்ணெய்த் தொழிலை அடிப்படையாகக் கொண்ட அவ்வாதம், விற்பனைக்கு உள்ள போட்டியாளரையே கருதுகிறது. சுதேசிக் கம்பெனியோ விற்பனைக்கு உரியதாக அமைக்கப்படவில்லை. அதன் பங்கு விதியும், பங்குதாரரின் நோக்கமும் அதனை வாங்க இயலாததாக்கின. வாங்க இயலாத போட்டியாளரை எதிர்கொள்ளும் முற்றுரிமைக்கு எஞ்சும் வழி அழிப்பதே. ஆகவே கம்பெனியைக் காத்த அரணே, அதன்மீது கட்டணப் போர் தொடுக்கப்படுவதற்கான காரணங்களுள் ஒன்றாகவும் ஆயிற்று. இம்முரண் இதுவரையிலான விளக்கங்களில் போதிய கவனம் பெறவில்லை.

காலம்: வாடகையிலிருந்து உடைமைக்கு

தொடக்கத்தில் கம்பெனியிடம் சொந்தக் கப்பல் இல்லை. ஷா லைன் என்னும் நிறுவனத்திடமிருந்து கப்பல்களை வாடகைக்கு அமர்த்தியே சேவை தொடங்கப்பட்டது. இது சரியான முதல் அடி. சந்தையின் வரவேற்பை அறியும்முன் பெருமுதலைக் கப்பலில் முடக்காமல் இருப்பது எச்சரிக்கையுள்ள முனைவோரின் இயல்பு. ஆனால் எதிரியின் அழுத்தத்தால் ஷா லைன் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடைக்காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பெற்றுச் சேவை தொடரப்பட்டது. பின்னர் வ.உ.சி. பம்பாய் சென்று முயன்றதன் விளைவாகக் 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் 1907இல் வாங்கப்பட்டன.

வாழ்க்கை வரலாறுகள் கப்பல் வந்த நாளை வெற்றியின் உச்சமாகக் காட்டுகின்றன. மக்கள் உணர்வின் நோக்கில் அது உண்மையே. உத்தியின் நோக்கில் அது கம்பெனியின் இயல்பையே மாற்றிய திருப்பம். வாடகைக் கப்பலைத் திருப்பித் தந்துவிடலாம். சொந்தக் கப்பல் துறையில் நின்றாலும் செலவு வைக்கும். மாலுமிகள் ஊதியம், பழுதுபார்ப்பு, துறைமுகக் கட்டணம் ஆகியவை பயணியர் எண்ணிக்கையைப் பொறுத்தவை அல்ல. நிலைச் செலவு மிகுந்தும், கூடுதலாக ஒரு பயணியை ஏற்றும் செலவு மிகக் குறைந்தும் உள்ள இத்தகைய தொழிலில், கட்டணம் எந்த அளவுக்கும் கீழிறங்க இயலும். அதாவது, கட்டணப் போரால் மிக எளிதில் ஊறுபடும் நிலைக்குக் கம்பெனி அப்போதுதான் வந்தது.

இம்மாற்றம் வ.உ.சி.யின் அவசரத்தால் நேர்ந்ததன்று. வாடகைச் சந்தையை எதிரி அடைத்த பின்னர் சேவையை நிறுத்துவது அல்லது கப்பல் வாங்குவது என்னும் இரண்டே வழிகள் எஞ்சின. எதிரியின் முதல் தாக்குதல் கட்டணத்தின்மீது அன்று, கப்பல் கிடைக்கும் வழியின்மீதே நிகழ்ந்தது என்பதை இங்குக் குறிக்க வேண்டும். குடைக் கதையின் கவர்ச்சி, இம்முதன்மையான தாக்குதலைப் பொதுநினைவிலிருந்து மறைத்துவிட்டது.

கட்டணப் போர்: எதிரியின் களம்

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்ததாகவும், சுதேசிக் கம்பெனி அதனை எட்டணாவாகக் குறைத்ததாகவும், பின்னர் எதிரி இலவசப் பயணத்தோடு குடையும் வழங்க முன்வந்ததாகவும் வரலாறுகள் கூறும். இங்கு எழுப்பவேண்டிய வினா, எதிரி ஏன் குறைத்தான் என்பதன்று. அதற்கு விடை மேலே கூறப்பட்டது. சுதேசிக் கம்பெனி ஏன் எட்டணாவுக்கு இறங்கியது என்பதே வினா.

கம்பெனியின் தனிவலிமை மலிவு அன்று, உரிமையுணர்வு. 'நம் கப்பல்' என்பதற்காக ஒருவர் ஏறுவார் எனில், அவர் சற்றுக் கூடுதலாகவும் கொடுக்க ஒருப்படுவார். கட்டணத்தை எதிரியினும் கீழே இறக்கியபோது, போட்டியின் அளவுகோல் உணர்விலிருந்து அணாவுக்கு மாறியது. அணாவின் களத்தில் யாரிடம் பை பெரிதோ அவரே வெல்வர். தன்வலியை விட்டு மாற்றான் வலியின் களத்தில் இறங்கிய தருணம் இதுவே.

எனினும் இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. பயணியர் அனைவரும் ஒரே நிலையினர் அல்லர். தூத்துக்குடி வழியே இலங்கை சென்றோரில் தோட்டத் தொழிலாளரும் சிறுகூலி நாடிச் செல்வோரும் மிகுதி. அவர்க்கு அணா வேறுபாடு உணவு வேறுபாடு. நாட்டுப்பற்றின் பெயரால் ஏழைப் பயணியிடம் கூடுதல் கட்டணம் வேண்டுவது அறமாகுமா என்பது வ.உ.சி. போன்ற ஒருவர்க்கு எழாமல் இருந்திராது. சுதேசி நுகர்வு பற்றி வங்காளத்திலும் இவ்வினாவே எழுந்தது. உள்நாட்டுத் துணி விலை மிகுந்ததாயிருந்தபோது, வறிய உழவர் அதனை வாங்க மறுத்ததை இரவீந்திரநாத் தாகூர் தம் புதினத்தில் சிக்கலாக்கிக் காட்டினார்.

இம்மறுப்பை ஏற்றுக்கொண்டே, ஒரு வேறுபாட்டைச் சுட்டலாம். பயணியர் வருவாயும் சரக்கு வருவாயும் ஒரே தன்மையன அல்ல. பயணி ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுப்பவர். சரக்கு அனுப்பும் வணிகரோ ஆண்டு முழுதும் தொடர்ந்து அனுப்புபவர், ஒப்பந்தத்தால் பிணைக்கத்தக்கவர். கப்பல் கூட்டணிகள் வணிகரை 'ஒத்திவைத்த தள்ளுபடி' என்னும் முறையால் பிணைத்து வைத்திருந்தன. குறித்த காலம் முழுவதும் தம் கப்பலிலேயே அனுப்பியவர்க்கு மட்டும் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பின்னர் திருப்பித் தருவது அம்முறை. அதற்கு நிகரான கருவி சுதேசிக் கம்பெனியின் கையிலும் இருந்தது: பங்குதாரர்களாக அமைந்த வணிகர்கள். பயணியர் கட்டணத்தில் எதிரியோடு ஒப்ப நின்று, சரக்குக்கு நீண்டகால உறுதிமொழி பெறுவது நடைமுறைக்கு உகந்த மாற்றாக இருந்திருக்கும் என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. இம்மதிப்பீட்டுக்கு அடுத்து வரும் ஒப்பீடு துணை செய்கிறது.

ஒப்பீடு: நான்கு முயற்சிகள்

இந்தியாவில் உள்நாட்டு முனைவோர் நீராவிக் கப்பலில் இறங்கியது தூத்துக்குடியில் மட்டும் அன்று. இரவீந்திரநாத்தின் தமையன் ஜோதிரிந்திரநாத் தாகூர் 1884இல் குல்னா–பாரிசால் ஆற்றுத்தடத்தில் 'சரோஜினி' முதலிய நீராவிப் படகுகளைச் செலுத்தினார். ஃபுளோட்டில்லா கம்பெனியோடு கட்டணப் போர் மூண்டது. இளைஞர்கள் கரையில் நின்று உள்நாட்டுப் படகுக்கு ஆள் சேர்த்தனர். பயணியர் பெருகினர், வருவாய் பெருகவில்லை. நட்டத்தோடு முயற்சி முடிவுற்றது. ஆதரவு வேறு, வருவாய் வேறு என்பதற்குத் தூத்துக்குடிக்கு இருபது ஆண்டுகள் முந்திய சான்று இது.

1893இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா, பம்பாயிலிருந்து கீழ்த்திசை நாடுகளுக்கு நூலும் பருத்தியும் கொண்டுசெல்லும் தடத்தில் பி. அண்டு ஓ. நிறுவனத்தின் முற்றுரிமையை எதிர்த்தார். ஜப்பானின் நிப்பான் யூசன் கைசா அவரோடு கைகோத்தது. பி. அண்டு ஓ. கட்டணத்தை வீழ்த்தியது. பம்பாய் வணிகர் மலிவை நாடிச் சென்றனர். டாட்டா தடம் விரைவில் நின்றது. ஆனால் அதே போரில் நிப்பான் யூசன் கைசா பிழைத்தது. அதற்கான காரணம் நம் பொருளுக்கு மிக முக்கியமானது. ஜப்பானிய நூற்பாலைகளின் சங்கம் தன் பருத்தியை அக்கப்பல்களிலேயே ஏற்றுவதாக உறுதிசெய்துகொண்டது. அரசின் ஆதரவும் அதற்குப் பின்னிருந்தது. அதாவது ஒரே களத்தில், ஒரே எதிரிக்கு எதிராக, சரக்கு உறுதியைப் பெற்றவர் நிலைத்தார், பெறாதவர் விலகினார்.

நான்காவது முயற்சி சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. அதன் 'லாயல்டி' கப்பல் 1919 ஏப்ரல் 5இல் பம்பாயிலிருந்து இலண்டன் புறப்பட்டது. வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி ஆகியோர் அதன் நிறுவனர்களுள் முதன்மையானவர். அதுவும் கட்டணப் போரைச் சந்தித்தது. 1923இல் பிரிட்டிஷ் இந்தியா குழுமத்தோடு பத்தாண்டு உடன்பாடு செய்துகொண்டது. தன் கப்பல்களின் கொள்ளளவுக்கு வரம்பு விதிக்கும் அவ்வுடன்பாட்டை அது விரும்பி ஏற்கவில்லை. ஆயினும் அதன்வழி உயிர்பிழைத்துப் பின்னர் இந்தியாவின் முன்னணிக் கப்பல் நிறுவனமாக வளர்ந்தது.

சிந்தியா செய்ததைச் சுதேசிக் கம்பெனி செய்திருக்கலாகாதா என்று வினவலாம். செய்திருக்க இயலாது என்பதே விடை. சிந்தியாவின் பின்னே பம்பாயின் பெருமுதல் இருந்தது. அதனை ஒழிக்க நீண்ட காலம் ஆகும் என்பதாலேயே எதிரி பேசவந்தான். சுதேசிக் கம்பெனியிடம் அத்தகைய தாங்கும் ஆற்றல் இல்லை. மேலும் அதன் பங்குதாரர் பணம் தந்தது உடன்பாட்டுக்காக அன்று. எதிரியோடு கட்டணம் பேசிய மறுநாளே 'நம் கப்பல்' என்னும் சொல் தன் பொருளை இழந்திருக்கும்.

இடம்: ஒற்றைத் தடத்தின் ஊறு

கம்பெனி தேர்ந்த தடம் தூத்துக்குடி–கொழும்பு. 1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டிய பின், சென்னையிலிருந்து இலங்கை செல்வோர்க்கு அதுவே முதன்மை வழி. பயணியரும் சரக்கும் ஆண்டு முழுதும் உள்ள, குறுகிய, உள்ளூர் வணிகர் நன்கறிந்த தடம். புதிதாக நுழைவோர்க்கு இதனினும் ஏற்ற இடம் இல்லை.

ஆனால் நுழைவதற்கு நல்ல இடம், நிலைப்பதற்கும் நல்ல இடமாக இருக்க வேண்டியதில்லை. பல தடங்களையுடைய எதிரி ஒரு தடத்தில் போரிடும்போது, ஒரே தடத்தையுடையவர் தன் முழு உடைமையையும் பணயம் வைக்கிறார். கம்பெனியின் நோக்கங்களுள் கடலோடும் பயிற்சி, கப்பல் கட்டுதல் முதலியனவும் இடம்பெற்றிருந்தமை, இவ்வொற்றைத் தடத்தோடு நிற்க அதன் நிறுவனர் எண்ணவில்லை என்பதைக் காட்டும். விரிவதற்குக் காலம் கிட்டவில்லை என்பதே உண்மை.

இன்னொன்றும் கருதத்தக்கது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி–தலைமன்னார்ப் படகுச் சேவை தொடங்கியது. இலங்கைப் பயணியரின் பெரும்பகுதி அவ்வழியே திரும்பியது. கட்டணப் போரில் வென்றிருந்தாலும், சில ஆண்டுகளில் அத்தடத்தின் பயணியர் வணிகம் சுருங்கியிருக்கும். அந்நிலையிலும் எஞ்சியிருக்கக்கூடியது சரக்கு வணிகமே. சரக்கை முதன்மையாகக் கொள்வது தக்க மாற்று என்னும் மதிப்பீட்டுக்கு இது மேலும் ஒரு சான்று.

அரசியலும் வணிகமும்: பிரிக்க இயலாப் பிணைப்பு

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி. அதற்குத் தலைமையேற்றார், தொழிலாளர் கோரிக்கைகள் சில நாட்களில் வென்றன. அவ்வாலையை நிருவகித்த ஏ. அண்டு எஃப். ஹார்வி நிறுவனமே பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் உள்ளூர் முகவராகவும் விளங்கியது. ஆகவே கடலில் எதிர்த்த அதே ஆற்றலை வ.உ.சி. நிலத்திலும் எதிர்த்தார். அடுத்த சில நாட்களில் கைது, திருநெல்வேலி எழுச்சி, துப்பாக்கிச்சூடு, ஜூலை 7 அன்று கடுந்தண்டனை.

மேலாண்மை நோக்கினர் இதனை 'இரண்டாவது முனையைத் திறந்த பிழை' என்பர். இவ்விளக்கம் வ.உ.சி.யின் நிறுவனத்தை வணிகம், அரசியல் என இரண்டாகப் பிரித்த பின்னரே பொருந்தும். அவ்வாறு பிரிக்க இயலுமா என்பதே வினா. பங்கு விற்றதும், வணிகரைச் சேர்த்ததும், பயணியரை ஈர்த்ததும் மேடைப் பேச்சாலும் சுதேசி உணர்வாலுமே. கம்பெனி தன் பெயருக்கு விளம்பரச் செலவு செய்யவில்லை. இயக்கமே அதன் விளம்பரம். அரசியலை விட்டிருந்தால் அது, எதிரியினும் சிறிய, எதிரியினும் முதல் குறைந்த மற்றொரு கப்பல் கம்பெனியாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

எனவே அரசியல் கம்பெனியின் முதலாகவும் இருந்தது, இடராகவும் இருந்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதற்கு இல்லை. திறனாய்வு சுட்டத்தக்க குறை வேறு: அம்முதல் முழுவதும் ஒரே மனிதரிடம் குவிந்திருந்தது. அவர் சிறைப்பட்டபோது கம்பெனிக்குக் கப்பல்கள் இருந்தன, இயக்குநர்கள் இருந்தனர், அலுவலகம் இருந்தது. 'நம் கப்பல்' என்று ஊர்தோறும் சொல்லும் குரல் இல்லை. 1908க்கும் 1911க்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் அமைதிக்கு இதுவே பொருள். இறுதியில் 'காலியா' எதிரிக்கே விற்கப்பட்டது. வாங்க இயலாதவாறு அமைக்கப்பட்ட கம்பெனியின் கப்பலை, கம்பெனி அழிந்த பின் எதிரி வாங்கினான்.

முடிவுரை

இவ்வாய்வில் பெறப்பட்ட கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

சுதேசிக் கம்பெனியின் வீழ்ச்சிக்கு இலவசக் குடையைக் காரணமாக்கும் கதை, பழியை ஏழைப் பயணியர்மீது சுமத்துகிறது. உண்மையில் முதல் தாக்குதல் கப்பல் வாடகைச் சந்தையின்மீது நிகழ்ந்தது. அதுவே நிலைச் செலவு மிகுந்த உடைமைக்குக் கம்பெனியைத் தள்ளியது. ஆசியர்க்கு மட்டும் பங்கு என்னும் அரண் கம்பெனியை விற்பனையிலிருந்து காத்தது. அதே வேளை எதிரிக்கு அழிப்பதைத் தவிர வேறு வழியை விட்டுவைக்கவில்லை. கட்டணத்தில் எதிரியினும் கீழிறங்கியது, உரிமையுணர்வு என்னும் தனிவலிமையை அணாக்கணக்குக்கு உட்படுத்தியது. பயணியரைக் காட்டிலும் சரக்கு வணிகரைப் பிணைத்திருந்தால் நிலைக்கும் வாய்ப்பு மிகுந்திருக்கும் என்பதை ஜப்பானிய ஒப்பீடு உணர்த்துகிறது. அரசியலைக் கலந்தது பிழையன்று; அரசியல் முதலை ஒருவரிடமே குவித்ததே அமைப்பின் வலுக்குறை.

இம்முடிவுகள் அனைத்தும் வ.உ.சி. எதிர்கொண்ட கடுமையான வரம்புகளுக்குள் வைத்தே கொள்ளத்தக்கவை. சட்டம் எதிரியின் பக்கம், அரசு எதிரியின் பக்கம், வாடகைச் சந்தை எதிரியின் பிடியில் என்னும் நிலையில், 10 இலட்சம் ரூபாய் முதல் கொண்ட கம்பெனி சில ஆண்டுகள் கடலில் நின்றதே விளக்கம் வேண்டும் செய்தியாகும். அதனைத் துணிவு என்னும் ஒரு சொல்லால் விளக்கி நிறைவடைவது, அத்துணிவுக்குப் பின்னிருந்த கணக்கையும் கவலையையும் மதிக்காமல் விடுவதாகும். கம்பெனியின் 1908க்குப் பிந்திய மூன்றாண்டுக் கணக்குகளும், பங்குதாரர் கூட்ட நடவடிக்கைகளும், தூத்துக்குடி வணிகரின் சரக்குப் பதிவேடுகளும் தேடித் தொகுக்கப்பெற்றால், இக்கட்டுரையின் மதிப்பீடுகள் சோதிக்கப்படும், திருத்தமும் பெறலாம். ஆய்வாளர்கள் அடுத்து மேற்கொள்ள வேண்டிய பணி அதுவே.